"நாடகம் முடியட்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டேன்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். ஒரே மகன் ரொறன்ரோவில். பின்னேரம் ஆறரைக்கு டிவிக்கு முன்னால் இருந்தால் ஒன்று முடிய ஒன்றாக நாடகம் ஓடி, எழும்பப் பத்தரை பதினொன்று ஆகிவிடுகிறது. இரவுச் சாப்பாடும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான். போன கிழமை மகன் வேலைக்குப் போகிற வழியில் அழைத்தபோது, "நாடகம் முடியட்டும், பிறகு எடு" என்று சொல்லிவிட்டேன். "சரியம்மா" என்று வைத்துவிட்டான். அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை. டிஷ் இணைப்பை வெட்டிவிடுவோம் என்கிறார் இவர். வெட்டத்தான் வேண்டுமா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: வெட்ட வேண்டாம் தங்கச்சி. வெட்டினால் இரண்டாம் நாளே அதே நாடகத்தைக் கைபேசியில் தேடிப் பார்ப்பீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த ஆறரை மணிதான். சமையல் வேலை ஒதுங்கி, சாமிக்கு விளக்கும் வைத்தாகிவிட்டது, வீட்டில் நீங்கள் இருவர் மட்டும். மகன் இங்கே இருந்த காலத்தில் அவன் டியூஷன் முடிந்து பசியோடு வருகிற நேரமாக அது இருந்திருக்கும். இப்போது வெறுமையாகிப் போன அந்த நேரத்தில்தான் நாடகம் வந்து குடியேறியிருக்கிறது. அதைக் கிளப்ப வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வர வேண்டும், சும்மா மனதைக் கட்டுப்படுத்து என்று உங்களுக்குச் சொல்ல நான் தயாரில்லை.

நாடகம் ஆளைப் பிடித்து வைக்கிற விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முடிச்சு எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் விழும். கதவைத் தட்டியது யார், அந்தக் கடிதத்தை அவள் படித்துவிட்டாளா, அந்த இடம் பார்த்து 'தொடரும்' போட்டுவிடுவார்கள். முடிந்த வேலையை விடப் பாதியில் நின்ற வேலைதான் மனதில் நிற்கும் என்று புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இலேயே எழுதினார். ஆனால் மறுநாள் கவனித்துப் பாருங்கள், முதல் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்து முதல் விளம்பரம் வந்ததும் எழும்பிவிடுங்கள். கடைசி வரை இருந்தால் அடுத்த முடிச்சு விழுந்து கால் நகராது, நடுவில் எழும்புவது நீங்கள் நினைப்பதை விடச் சுலபம். கதை விட்டுப்போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எத்தனை பகுதி தவறியிருக்கும்? திரும்ப ஒருநாள் பார்த்ததும் கதை பிடிபட்டுவிடவில்லையா?

இன்னொன்று. அமெரிக்காவில் ரொபர்ட் கியூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆட்களிடம் பீப்பரைக் கொடுத்து, அது ஒலிக்கிற நேரமெல்லாம் என்ன செய்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று குறிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது உடம்பு இளகி இதமாக இருக்கிறது, நிறுத்தியதும் இதம் போய் மந்தம் மட்டும் மிஞ்சுகிறது என்று 2002இல் எழுதினார்கள். அதனால்தான் அலுப்புத் தீரட்டும் என்று இன்னொன்றைப் போட்டாலும் அலுப்புத் தீருவதில்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். உங்களுக்கு உண்மையில் பிடித்த ஒரு நாடகத்தை வைத்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சியில்லாமல் பாருங்கள். அது முடிந்ததும் ரிமோட்டால் நிறுத்தாமல் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். டிஷ் பெட்டி திரும்ப வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது பாதி ஆசை போய்விடும். சாப்பாடு மேசைக்குத் திரும்பட்டும், இது கட்டாயம்.

ஆறரைக்கு முதலே வீட்டை விட்டு இறங்கிவிடுங்கள். ரயில் பாதைக்கு அங்கால் கடல், வெயிலும் தணிந்திருக்கும், மரைன் டிரைவில் அந்த நேரம் நடக்கிறவர்கள் நிறையப் பேர். தனியாகப் போகக் கூச்சமென்றால் உங்கள் மாடியில் ஒருவரைக் கூப்பிடுங்கள், அவரும் அதே நேரத்தில் அதே நாடகத்துக்கு முன்னால்தான் இருப்பார். இணைப்பை வெட்டச் சொல்கிறவரும் கூட நடக்க வரட்டும். புத்தகம் பிடிக்குமென்றால் தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில் பக்கம் போகலாம்.

அப்புறம், மகன். இங்கே ஆறரை என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை ஒன்பது மணி, குளிர்காலத்தில் எட்டு. அவன் வழியிலிருந்து அழைக்கிறான் என்றால் நாளில் அவனுக்குக் கிடைக்கிற ஓய்வு அவ்வளவுதான். அந்த நேரத்தை அவனுக்கென்று வையுங்கள். இன்றைக்கு நீங்களே எடுங்கள், மன்னிப்பெல்லாம் வேண்டாம், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாலே போதும்.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு டிவியில் கார்ட்டூன் போட்டால்தான் வாய் திறக்கிறாள். போடாவிட்டால் அம்மம்மா போட்டுவிடுகிறார். என்ன செய்வது?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று வேளையும் கார்ட்டூனோடு ஊட்டினால் அந்த ஒரு மணித்தியாலம் சாப்பாட்டிலேயே தாண்டிவிடும். படத்தில் கண் இருக்கிற பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். காலைச் சாப்பாட்டில் மட்டும் நிறுத்துங்கள், எல்லாரும் கூட இருந்து சாப்பிடுங்கள், இடியப்பத்தை அவள் கையாலேயே பிய்த்துத் தின்னட்டும், சிந்தினால் சிந்தட்டும். சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். அம்மம்மாவுக்குப் பயம் வருவது அங்கேதான், பிள்ளை பசியோடு இருக்குமோ என்று. அவரோடு சண்டை பிடிக்காமல் கிளினிக்கில் நிறை பார்க்கிற நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிறைக்கோடு சரியாக ஏறுகிறது என்று மிட்வைஃப் வாயால் கேட்டால் ரிமோட்டை அவரே எடுத்து வைத்துவிடுவார். கோடு இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.