வீட்டுக்குப் பதில் இல்லம் போடலாமா?

மதுரையில் பல வருஷமாக புரூஃப் பார்க்கிறேன். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை மாற்றிப் போடுவது பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: அண்ணே, திருக்குறள் கட்டுரைக்கு ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன். அப்படியே இருக்கக் கூடாதே என்று 'வீடு' வந்த இடமெல்லாம் 'இல்லம்' போட்டேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். இரண்டும் ஒன்றுதானே?

தம்பி, தாளைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 'அறம், பொருள், இன்பம், இல்லம்' என்று இருக்கிறது! அங்கே வீடு என்றால் விடுதலை. 'விடு' என்பதிலிருந்து வந்தது. இல்லத்துக்கு அந்தப் பொருள் கிடையாது. சரி, குடியிருக்கும் வீடாகவே இருந்தாலும், வாடகை வீடு தேடுவோமே தவிர வாடகை இல்லம் தேட மாட்டோம். முதியோர் இல்லத்தை முதியோர் வீடு என்றால் யாருக்கும் புரியாது. பக்கத்தில் நிற்கும் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், அடுத்தவர் வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றினால் அது உங்கள் எழுத்தாகிவிடாது. புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததை எழுதுங்கள்.

மாட்டுத்தாவணி, பூ வியாபாரி: நோட்டீசுக்கு 'மல்லிகை மொட்டு' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் 'மல்லிகை மலர்' ஆக்கிவிட்டார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. விட்டுவிடவா?

விடாதீர்கள் அண்ணே. காலையில் உங்களிடம் வாங்குகிறவருக்கு வேண்டியது இறுக மூடிய, உருண்டை மொட்டு. தொடுத்துத் தலையில் வைத்தபின் சாயங்காலம் அது விரிய வேண்டும். கூடையிலேயே விரிந்திருந்தால் நேற்றைய பூ என்று ஒதுக்கிவிடுவார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை இப்படியா விற்பது? அரும்பு, மொட்டு, மலர், வாடியபின் செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. அந்தச் செம்மலையே ஒரு மனிதருக்குச் சொன்னால் பெருமை!

மேலூர், ஆசிரியை: 'தா', 'கொடு' இரண்டும் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

வேண்டாம் டீச்சர். தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', ஒத்தவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு' என்கிறது தொல்காப்பியம். அந்த ஏற்றத்தாழ்வு இன்று போய்விட்டது, போகட்டும். ஆனால் 'எனக்குத் தா', 'உனக்குத் தருகிறேன்' என்று வருவது, மூன்றாம் ஆளிடம் போகும்போது 'அவனுக்குக் கொடு' என்று மாறுகிறது. 'அவனுக்குத் தா' என்றால் காதில் இடறுகிறது. வகுப்பில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அலங்காநல்லூர் நண்பர்: ஊரில் ஒருவர் இறந்தால் 'தவறிட்டாரு' என்போம். இரங்கல் போஸ்டரில் 'தவறினார்' போடலாமா?

பேச்சில் அது மரியாதையான சொல். போஸ்டரில் போட்டால் ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி படும். 'காலமானார்' பொதுவானது. மற்றவற்றில் கவனம் வேண்டும். 'சிவபதவி அடைந்தார்', 'வைகுண்ட பதவி அடைந்தார்', 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்', 'இயற்கை எய்தினார்' எல்லாம் ஒரே செய்திதான். ஆனால் கடவுள் மறுப்பாளராக வாழ்ந்தவருக்குச் சிவபதவி கொடுத்தால் அவர் வீட்டார் மனம் என்ன பாடுபடும்! அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.