மலைச் சைக்கிள் வகுப்பு: எதற்குப் போகலாம்?

அன்புள்ள அண்ணா,

உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். வயது 31, தாதியாக வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு பழைய மவுண்டன் பைக் வாங்கினேன், முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது. லீவு நாட்களில் கன்னியாப் பக்கம் கிரவல் பாதைகளில் ஓடுவேன். நேர் வழியில் பயமில்லை. இறக்கமும் வளைவும் சேர்ந்து வந்தால் கை இறுகிவிடுகிறது. நிலாவெளியில் மணல் கிடந்த வளைவொன்றில் முன் சில்லு வழுக்கி விழுந்து முழங்கை உரிந்துவிட்டது.

ஒழுங்காகப் பழகலாம் என்று கண்டிப் பக்கம் நடக்கும் இரண்டு வகுப்புகளை விசாரித்தேன். ஒன்று 3 நாள். 15 பேருக்கு ஒரு பயிற்றுநர். கடைசி நாள் பாயப் பழக்கி, ட்ரோனில் வீடியோ எடுத்துத் தருவார்களாம். மற்றது ஒரே நாள், 5 பேர். காசு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 3 நாள் வகுப்புத்தான் காசுக்குப் பெறுமதி என்கிறா அம்மா. எதற்குப் போகலாம்? இந்த வயதில் பழக வருமா?

வாசகி, திருகோணமலை


வணக்கம் தங்கச்சி,

ஒரு நாள் வகுப்புக்குப் போங்கள். ஆனால் காசு கட்டுவதற்கு முன் அவர்களிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 5 மணித்தியாலம் என்று வைத்தால், 3 நாளில் 900 நிமிடம். அதை 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 60 நிமிடம். ஒரு நாள் வகுப்பில் 300 நிமிடம், 5 பேர், அங்கும் ஆளுக்கு 60. நேரத்தில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 15 பேர் வரிசையாக இறங்கும்போது ஒரு பயிற்றுநர் முன்னுக்கு நிற்பாரா, பின்னுக்கு நிற்பாரா? வளைவுக்குள் நுழையும் அந்த இரண்டு விநாடியில் உங்கள் விரல் எந்தப் பிறேக் லீவரில் இருந்தது, கண் எங்கே பார்த்தது என்பதை அவர் கண்டால்தான் திருத்த முடியும். அவ்வளவு பேருக்குள் அது நடக்காது. ஆறு பேருக்கு ஒருவர் என்பதைத் தாண்டினால் நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

பாயப் பழக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவில் கை இறுகுகிற ஒருவரை மூன்றாம் நாள் மேட்டில் இருந்து பாயவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வகுப்பு ஒவ்வொருவரையும் ஓடவிட்டுப் பார்த்து, அவரவருக்கு அடுத்து என்ன வேண்டுமோ அதைக் கொடுக்கும். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே மூன்றாம் நாள் பாய்ச்சல் என்று முன்கூட்டி எழுதி வைத்திருந்தால் அங்கே யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை.

இனி உங்கள் விழுகை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வளைவுக்குள் போன பிறகுதான் பிறேக் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரயருக்கு நிலத்தைப் பிடிக்கிற சக்தி ஓர் அளவுதான். அந்த அளவுக்குள்தான் நிற்பதும் நடக்க வேண்டும், திரும்புவதும் நடக்க வேண்டும். மணலில் அந்தச் சக்தி இன்னும் குறைவு. திரும்பிக்கொண்டே முன் பிறேக்கை அழுத்தினால் சில்லு பக்கவாட்டில் ஓடிவிடும். பின் சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் சில்லு போனால் சமாளிக்க நேரமே கிடைக்காது. ஆகவே வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, லீவரை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கண் முன் சில்லில் இருக்கக் கூடாது. வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

இப்படி விழுந்தவர்களில் நிறையப் பேர் அதற்குப் பிறகு முன் பிறேக்கைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வேகம் குறையும்போது உடற்பாரம் முன்னுக்குப் போகிறது, அதனால் சைக்கிளை நிற்பாட்டுகிற வேலையில் பெரும்பங்கு முன் பிறேக்குக்குத்தான். பின் பிறேக்கை மட்டும் நம்பினால் இறக்கத்தில் பின் சில்லு இழுபடும், சைக்கிள் நிற்காது. இரண்டு லீவரிலும் ஒவ்வொரு விரல், மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மற்ற விரல்கள் ஹாண்டிலைப் பிடித்திருக்கட்டும். ஒரு விரலால் லீவர் எட்டவில்லை என்றால் கடையில் கிட்டவாக்கித் தரச் சொல்லுங்கள், சின்ன ஆணியொன்றைத் திருப்புகிற வேலை.

அந்த ஒரு நாளில் வேறு எதுவும் பழகாமல் இந்தப் பிறேக் பழக்கமும் நிற்கும் நிலையும் சரியாக வந்தாலே நீங்கள் கொடுத்த காசு வீண் இல்லை.

நிற்கும் நிலை என்று சொன்னேன். வகுப்பை எடை போட இதுவே நல்ல கேள்வி. “இறக்கத்தில் உடம்பை எங்கே வைப்பது?” என்று பயிற்றுநரிடம் போனிலேயே கேளுங்கள். “சீற்றுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி இருங்கள்” என்பதோடு அவர் முடித்துக்கொண்டால் யோசியுங்கள். அது பழைய பாடம். முழுக்கப் பின்னுக்குப் போனால் முன் சில்லில் பாரம் இல்லாமல் போய் ஹாண்டில் சொல் கேட்காது. இப்போது நன்றாகப் பழக்குகிறவர்கள் சொல்வது வேறு. பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், பாரம் பாதத்தில், கை இலேசாக, முழங்காலும் முழங்கையும் மடிந்து, இடுப்பு மடங்கி, உடம்பு சைக்கிளின் நடுவில். இறக்கம் செங்குத்தாகக் கூடக் கூட இடுப்பு பின்னுக்குப் போகும், ஆனால் பாரம் பாதத்தை விட்டுப் போகாது. வள்ளத்தில் எழுந்து நிற்கிறவர் முழங்காலைத் தளர்த்தி, அலைக்கு வள்ளத்தை ஆடவிட்டுத் தான் நிமிர்ந்து நிற்பாரே, அப்படி சைக்கிள் உங்களுக்குக் கீழே ஆட வேண்டும்.

பயிற்றுநரின் சான்றிதழையும் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. கனடாவில் இருந்து வந்த பி.எம்.பி.ஐ.ஏ., அமெரிக்காவின் பி.ஐ.சி.பி. இரண்டும் இந்தத் துறையில் பலர் வைத்திருக்கும் சான்றுகள். சான்று இல்லாத நல்ல பயிற்றுநரும் இருக்கலாம், ஆனால் முதலுதவி தெரியாதவரோடு காட்டுப் பாதையில் இறங்காதீர்கள். தாதியான உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. காலையில் சமதரையில் தொடங்குவார்களா, நீங்கள் எப்படி ஓடுகிறவர் என்று முன்கூட்டிக் கேட்கிறார்களா, வீட்டில் பழக ஏதும் தருவார்களா என்றும் விசாரியுங்கள். உங்கள் சைக்கிளையே கொண்டுபோக முடிந்தால் நல்லது. வாடகைச் சைக்கிள் என்றால் எந்த லீவர் முன் பிறேக் என்று நின்ற இடத்திலேயே பாருங்கள். அமெரிக்காவுக்குப் பூட்டப்படும் சைக்கிள்களில் முன் பிறேக் இடது கையில் இருக்கும்.

வயது பிரச்சினையே இல்லை. 31 எல்லாம் ஒரு வயதா!

போகும் மாதத்தைக் கவனியுங்கள். நமக்கு வெயில் எறிக்கிற ஜூன், ஜூலையில்தான் மலைநாட்டின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும். பெப்ரவரி, மார்ச்சில் மலையில் மண் காய்ந்திருக்கும். திரும்பி வந்தால் நமது பக்கமும் மழை விட்டிருக்கும், படித்ததைக் கையோடு ஓடிப் பழகலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். காற்றடிக்கும் கடையில் ரயர் கல்லுப்போல வரும்வரை அடித்துவிடுவார்கள், மணலில் அது இன்னும் வழுக்கும். அகல ரயருக்குக் காற்றழுத்தம் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை பொதுவாகப் போதும். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரியூப் உள்ள ரயர் என்றால் அதற்கு மேலும் குறைக்காதீர்கள், கல்லில் இடித்தால் ரியூப் கடிபட்டு ஓட்டையாகும். வெறும் மைதானமொன்றில் நாலு தண்ணிப் போத்தலை வைத்து எட்டுப் போட்டு ஓடுங்கள். பிறகு நிலத்தில் ஒரு கோடு கீறி, சில்லு இழுபடாமல் அதில் சரியாக நிற்கப் பாருங்கள். இறக்கம் வேண்டும் என்று கோட்டைக்குள் கோணேசர் கோயில் வீதிக்குப் போகாதீர்கள். மானும் அடியார்களும் குறுக்கே வருகிற வீதி, பழகுகிற இடமல்ல. கந்தளாய்ப் பக்கம் தனியாக விடியப்புறம் போவதும் வேண்டாம், யானை நிற்கும்.

அந்த ஒரு நாள் வகுப்புக்காரர் உடம்பை எங்கே வைக்கச் சொல்கிறார் என்பதை எனக்கும் எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்று தேடுவோம். 15 பேர் வகுப்புக்கு மட்டும் முற்பணம் கட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணா