சோலார் குடிலில் காய்கறி வளர்க்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த கையோடு, "சோலார் பேனல் போட்ட பசுமைக்குடிலில் காய்கறி வளர்க்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். தெருவில் மற்ற பிள்ளைகள் நர்சிங், கம்ப்யூட்டர் என்று கிளம்ப, உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கூடவே ஒரு தனியார் நிறுவனத்தின் நோட்டீஸையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஓராண்டு 'சோலார் கிரீன்ஹவுஸ் டிப்ளமோ', கட்டணம் ஒன்றே முக்கால் லட்சம், வேலை உத்தரவாதம்.

முதலில் அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். நான்கு பக்கத்தில் பூச்சி, நோய் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன வருடம் இதே மாதிரி ஒரு படிப்பை முடித்த பையன் என்னிடம் வந்தான். பேனல் எத்தனை வாட் என்று கேட்டால் பட்டென்று சொன்னான். குடைமிளகாய்ச் செடியில் எந்தக் கிளையை விட்டு எதைக் கிள்ளுவது என்று கேட்டேன், விழித்தான். அவனுக்குக் கிடைத்திருந்த வேலை பேனல் துடைப்பது.

ஆனால் மகளின் ஆசையைத் தட்டிவிடாதீர்கள். அவளோடு பேசுவதற்கு முன் நீங்களும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பேனலுக்கும் வெயில் வேண்டும், செடிக்கும் அதே வெயில்தான் வேண்டும். ஓசூரை அடுத்த தளி பக்கம் ஒரு விவசாயியின் குடிலுக்குப் போயிருந்தேன். கூரையின் ஒரு பக்கம் வரிசையாகப் பேனல் மாட்டியிருந்தார். அந்த நிழல் விழுந்த பாத்தியில் மட்டும் குடைமிளகாய்ச் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நெட்டுக்கு வளர்ந்திருந்தது, பிஞ்சு குறைவு. இரண்டு பாத்தி தள்ளி அதே நாளில் நட்ட செடிகள் காய் தாங்காமல் கயிற்றில் தொங்கின. "கரண்டில் மிச்சம் பிடித்ததைக் காயில் விட்டேன்" என்று சிரித்தார்.

அவர் செய்த தவறு பேனலை நேர்வரிசையில் மாட்டியது. ஜப்பானின் ஷிமானே பல்கலைக்கழகத்தார் இதையே வெங்காயத்தாள் வைத்துச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். நேர்வரிசையில் வைத்தால் நிழல் ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கிறது. சதுரங்கக் கட்டம்போல ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, விளைச்சலும் அவ்வளவாக அடிபடுவதில்லை. பயிரையும் பார்க்க வேண்டும். கீரையும் லெட்யூஸும் கொஞ்சம் நிழலைப் பொறுக்கும், தக்காளி பொறுக்காது. நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் குடிலுக்குள் எப்படியும் நிழல்வலையை இழுத்துவிடுகிறார்கள். அந்த வலை தடுக்கும் வெயிலில் ஒரு பகுதியைப் பேனல் வாங்கிக்கொண்டால் என்ன என்ற கேள்விதான் மகளை இழுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல கேள்விதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். மின்விசிறி இல்லாத, காற்றோட்டமான குடிலுக்கு மின்சாரச் செலவே குறைவு. விசிறியும் ஈரத் திரையும் வைத்துக் குளிரூட்டும் குடிலில்தான் சோலாருக்குக் கணக்கு உதைக்காமல் இருக்கும். அதனால் இன்றைக்கு இங்கே வேலை இருப்பது குடிலில். சோலார் அதன் மேல் கூடுதல். படிப்பையும் அந்த வரிசையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மகள் படித்தது கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப் என்பதால் இரண்டு கதவும் திறந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்சி. தோட்டக்கலை ஒன்று, கோயம்புத்தூரிலும் பெரியகுளத்திலும் கல்லூரி உண்டு, திருச்சியில் பெண்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. பி.டெக். வேளாண் பொறியியல் இன்னொன்று. இரண்டுக்கும் நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். என்னைக் கேட்டால் தோட்டக்கலை. வயரிங் பார்க்க 'சூர்யமித்ரா' போன்ற மூன்று மாத சோலார் பயிற்சி முடித்த எலக்ட்ரீஷியன் கிடைப்பார். செடியின் முகத்தைப் பார்த்துக் குறை சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. மகளுக்குக் கணக்கும் இயந்திரமும்தான் உயிர் என்றால் மட்டும் பி.டெக். பக்கம் போகட்டும்.

குடில் தொழில் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தோட்டக்கலைப் பட்டதாரி வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வை எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி.யில் தோட்டக்கலை அலுவலர் பணிக்குப் போகலாம். சொட்டுநீர், விதை கம்பெனிகளிலும் எடுக்கிறார்கள். சொந்தமாகத் தொடங்கினால், வேளாண் பட்டதாரிகளுக்கான அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு. வங்கிக் கடனோடு பெண்களுக்குத் திட்டச் செலவில் 44 சதவீதம் மானியமும் உண்டு. நாலு வருடம் கழித்து வரும் கதை அது, இப்போதைக்குத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

பெண் பிள்ளை இந்த வேலைக்கா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த குடில்களில் உள்ளே கவாத்துப் பண்ணிக் கயிறு கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முதலாளி நாற்காலியில்தான் அவர்கள் குறைவு.

சரி, விண்ணப்பம் தொடங்கும் வரை மகள் சும்மாதானே இருப்பாள். ஓசூர், தளி பக்கம் தெரிந்தவர் குடில் எதிலாவது மூன்று வாரம் விடுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போகட்டும், மதியம் உள்ளே புழுக்கம் தாங்காத நேரத்திலும் நிற்கட்டும். நூற்புழு பிடித்த வெள்ளரிச் செடியைப் பிடுங்கி, வேரில் மணி மணியாக முடிச்சு இருப்பதைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். வெளியில் பேனலில் படிந்த புழுதியைத் துடைப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று நோட்டில் எழுதி வரட்டும். அந்த நோட்டோடு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.