முதல் அறுபது அடி: டிராக் பந்தயப் புறப்பாடு குறித்த கேள்வி பதில்

கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம் நேராக ஓடும் டிராக் பந்தயத்தில் காரை எவ்வாறு புறப்படச் செய்வது என்று திருகோணமலையிலிருந்தும் அயல் ஊர்களிலிருந்தும் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே விதமான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

உவர்மலையிலிருந்து: எஞ்சினுக்கு நிறையச் செலவு செய்துவிட்டேன். ஆனாலும் என்னுடையதிலும் வலுக் குறைந்த கார் புறப்படும்போதே முந்திவிடுகிறது. ஏன், அண்ணா?

எஞ்சினின் வலு ஓட்டத்தின் பிற்பாதியில்தான் முழுமையாகப் பயன்படுகிறது. முதல் அறுபது அடியில், அதாவது ஏறத்தாழ 18 மீட்டரில், உங்கள் காரின் வேகத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிதான். அதனால்தான் பந்தயத் தளங்களில் அறுபது அடி நேரத்தைத் தனியாக அளந்து தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். அங்கே பத்தில் ஒரு விநாடியை மிச்சப்படுத்தினால், முடிவுக் கோட்டில் பெரும்பாலும் அதன் ஒன்றரை மடங்கு மிச்சமாகும், ஏனென்றால் முன்னதாகப் பெற்ற வேகம் மீதித் தூரம் முழுவதும் உங்களோடு வருகிறது. சாதாரண வீதி டயர் பூட்டிய முன்சக்கர இயக்கக் கார் ஒன்று இந்த அறுபது அடியை 2.2 முதல் 2.5 விநாடிக்குள் கடந்தால் அது மோசமில்லை. உங்கள் தாளில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கராஜுக்குப் போக முன்னர் உங்கள் கால்களைப் பழக்குங்கள். அதற்குச் செலவும் குறைவு.

கிண்ணியாவிலிருந்து: டயர் புகைய, சத்தம் எழுப்பிப் புறப்படுவதுதானே வேகமான புறப்பாடு?

பார்வையாளருக்கு அது விருந்து, நேரக்கருவிக்கு நட்டம். சக்கரம் நிலத்தைவிடச் சற்று வேகமாகச் சுழலும்போது, பொதுவாகப் பத்து முதல் இருபது சதவீத வழுக்கலில், டயர் தன் உச்சப் பிடியைத் தருகிறது. அதற்கு மேல் சுழன்றால் பிடி குறைகிறது, றப்பர் சூடாகி உருகுகிறது, கார் நகரத் தயங்குகிறது. மெல்லிய ஒரு கீச்சொலி கேட்டால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஓயாத அலறல் கேட்டால் வலுவைப் புகையாக்குகிறீர்கள் என்று பொருள்.

முன்சக்கர இயக்கக் கார்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. கார் முன்னோக்கிப் பாயும்போது பாரம் பின்னால் சாய்கிறது. 1,000 கிலோ எடையும், 2.5 மீட்டர் சக்கர இடைவெளியும், அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள கார், புவியீர்ப்பின் பாதியளவு முடுக்கத்தில் புறப்பட்டால் ஏறத்தாழ 100 கிலோ பாரம் முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. முன்னால் இருந்த 600 கிலோ 500 ஆகிறது. இழுக்க வேண்டிய சக்கரமே இலேசாகிறது. பின்சக்கர இயக்கக் காருக்கு இதே நிகழ்வு உதவியாக அமைகிறது.

நிலாவெளியிலிருந்து: என்னுடையது மெனுவல் கியர் உள்ள 1.5 லீட்டர் முன்சக்கர இயக்கக் கார். கிளட்சை எப்படி விட வேண்டும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எஞ்சினை நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு ஏற்றி வைத்துக் கிளட்சை ஒரேயடியாக விடும் பழக்கத்தை முதலில் கைவிடுங்கள். அப்படி விட்டால் ஒன்றில் டயர் வீணே சுழலும், அல்லது அந்த அதிர்ச்சி அச்சுத்தண்டின் மூட்டுக்குப் போய் அதை உடைக்கும்.

முதலில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தைக் கால் அறிந்திருக்க வேண்டும். முதலாவது கியரில், எஞ்சினை ஏறத்தாழ 3,000 சுற்றில் சீராக நிறுத்திக்கொள்ளுங்கள்; விளக்கு மாறும் தருணத்தில் மிதியை அந்தப் பிடிக்கும் இடம் வரை விரைவாகவும், அங்கிருந்து மீதித் தூரத்தை ஏறத்தாழ ஒரு விநாடி எடுத்து மெதுவாகவும் விடுங்கள். அந்த ஒரு விநாடியில் கிளட்ச் சற்று வழுக்கிக்கொண்டே வலுவைச் சிறிது சிறிதாகச் சக்கரத்துக்கு அனுப்பும், வலது கால் அதே வேளையில் அக்சிலேட்டரைக் கூட்டிக்கொண்டு போகும். மிதி முழுவதும் மேலே வந்த பின்னரே அக்சிலேட்டரைத் தரையோடு அழுத்த வேண்டும்.

டயர் சுழலத் தொடங்கினால் அக்சிலேட்டரைச் சிறிது தளர்த்துங்கள். கிளட்சை மீண்டும் மிதிக்க வேண்டாம், அப்படிச் செய்தால் எஞ்சின் பாரமின்றி எகிறும். மாறாக, கார் திணறி எஞ்சின் இறங்கிப்போனால், அடுத்த முறை 300 முதல் 500 சுற்று கூட்டிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, அறுபது அடி நேரத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். சுற்றையும் காற்றழுத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாது. கருகிய வாசனை வந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திக் கிளட்சை ஆறவிடுங்கள்.

ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். திருப்பிய சக்கரத்தில் முழு வலுவையும் ஏற்றினால் மூட்டு வளைந்த நிலையில் சுமை தாங்குகிறது, அப்போதுதான் அது பெரும்பாலும் முறிகிறது.

சாம்பல்தீவிலிருந்து: விளக்கு மரம் என்கிறார்களே, அதைப் பார்த்து எப்போது புறப்படுவது?

புறப்படும் நேரத்தைக் காட்டக் கம்பத்தில் அடுக்கிய விளக்குகள்தான் அது, 1963 முதல் அமெரிக்கப் பந்தயங்களில் பயன்படுகிறது. கோட்டின் அருகே இரண்டு ஒளிக்கதிர்கள் குறுக்கே செல்லும். முன்சக்கரம் முதலாவதை மறைத்தால் நெருங்கிவிட்டீர்கள், இரண்டாவதையும் மறைத்தால் தயார். பொதுவான முறையில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பின்னர் பச்சை வரும். இன்னொரு முறையில் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும். பச்சையைக் கண்ட பின் புறப்படுபவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். மனித மூளைக்கும் காருக்கும் அசைய நேரம் வேண்டும் என்பதால் பொதுவான முறையில் கடைசி மஞ்சளைக் கண்டே புறப்பட வேண்டும். பச்சைக்கு முன்னர் சக்கரம் கதிரை விட்டு நீங்கினால் சிவப்பு எரியும், ஓட்டம் தோல்வி.

இங்கே பலர் குழம்பும் ஒரு விடயம் உண்டு. ஓட்ட நேரம் பச்சை எரிந்ததிலிருந்து கணிக்கப்படுவதில்லை, சக்கரம் கதிரை விட்டு நீங்கியதிலிருந்தே கணிக்கப்படுகிறது. ஆகவே சோம்பலாகப் புறப்பட்டவர் நல்ல ஓட்ட நேரத்தைப் பெற்றும் பந்தயத்தைத் தோற்கலாம். இரண்டாவது கதிரை மறைத்தவுடனேயே நின்றுவிட்டால் சக்கரம் கதிரை நீங்க முன்னர் ஓரடி போல உருளக் கிடைக்கும். ஓட்ட நேரம் அழகாக வரும். இன்னும் சற்று முன்னே ஊர்ந்து நின்றால், பச்சை எரிந்ததிலிருந்து சக்கரம் கதிரை நீங்கும் வரையான எதிர்வினை நேரம் குறையும், ஓட்ட நேரம் கூடும், சிவப்பின் ஆபத்தும் கூடும். புதியவர்கள் முதலாவது முறையையே பின்பற்றட்டும்.

தம்பலகாமத்திலிருந்து: டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

வீதி டயரானால் இழுக்கும் சக்கரங்களில் 32 பீ.எஸ்.ஐ. இருந்தால் 28 வரை இறக்கிப் பார்க்கலாம், இழுக்காதவற்றில் சற்றுக் கூட்டலாம். மிகவும் இறக்கினால் பக்கச் சுவர் மடிந்து, வேகம் கூடிய முடிவுப் பகுதியில் கார் ஆடும். தண்ணீர் தெளித்த இடத்தில் சக்கரத்தைச் சுழற்றிச் சூடாக்குவது பந்தய டயருக்கானது. வீதி டயரோடு அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், உலர்ந்த இடத்தில் ஒரு கணம் சுழற்றி மணலைத் தட்டிவிட்டால் போதும். எங்கள் ஊரில் கச்சான் காற்றுக் காலத்து நண்பகல் தாரில் சூடாக்கவே தேவையில்லை.

சீனக்குடாவிலிருந்து: ஒட்டோ கியர் காரிலும் ஹைபிரிட்டிலும் பிரேக்கையும் அக்சிலேட்டரையும் சேர்த்து மிதிக்கலாமா?

எஞ்சின் வலுவை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் முறுக்கு மாற்றி உள்ள பழைய ஒட்டோ கியர் காரில் ஓரிரு விநாடி மட்டும் செய்யலாம். அதற்கு மேல் பிடித்தால் கியர் எண்ணெய் கொதிக்கும். பெல்ட் வகை கியர் உள்ள காரில் செய்யவே வேண்டாம். ஹைபிரிட்டில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் கணினியே வலுவைக் குறைத்துவிடும். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால் பிரேக்கை விட்டு அக்சிலேட்டரைச் சீராக அழுத்துவதுதான் அதற்கு நல்ல புறப்பாடு.

உப்புவெளியிலிருந்து: நிலாவெளி வீதி இரவில் வெறிச்சோடி நேராகக் கிடக்கிறது. அங்கே பழகலாமா, அண்ணா?

கூடாது, தம்பி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடற்கரை மணல் தாரில் படிந்திருக்கிறது, மாடுகள் வீதியிலேயே படுக்கின்றன, நகரப் பக்கம் வந்தால் மான்கள். முடிவுக் கோட்டுக்குப் பின் நிறுத்துவதற்கும் ஓடிய தூரம் அளவுக்கு வெற்றிடம் வேண்டும், அது அங்கே இல்லை. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தைப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடப்பதுண்டு. தூரமானாலும் அதுபோன்ற மூடிய தளத்துக்கே போங்கள். கிளட்ச் பிடிக்கும் இடத்தை அறிவதற்கு மட்டும் வீட்டு முற்றமே போதுமானது.

மூதூரிலிருந்து: புறப்படும்போது முன்பக்கம் தடதடவென்று துள்ளுகிறது. அதிர்ச்சித் தாங்கியை மாற்ற வேண்டுமா?

முதலில் எஞ்சின் தாங்கு றப்பர்களைப் பாருங்கள். அவை இளகியிருந்தால் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடி, டயர் பிடிப்பதும் விடுவதுமாகத் துள்ளுகிறது. அடுத்து சஸ்பென்ஷன் கையின் புஷ்கள், அதாவது அதன் இணைப்பிலுள்ள றப்பர் உறைகள். இரண்டும் நன்றாக இருந்தும் துள்ளல் தொடர்ந்தால் மட்டும் அதிர்ச்சித் தாங்கிக்குப் போங்கள். ஓட்டத்தின் நடுவே துள்ளத் தொடங்கினால் அக்சிலேட்டரை உடனே தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அச்சுத்தண்டையும் சேர்த்தே வாங்க நேரிடும்.