ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். மனைவியும் மகளும் அறந்தாங்கி பக்கம் என் அம்மாவோடு இருக்கிறார்கள். கடை மூடி, அறைக்கு வந்து, இரவு ஒன்றரைக்குத்தான் பேச முடிகிறது. ஆறு மாதமாக மனைவிக்குத் தலைவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை. ரத்தம், ஈசிஜி எல்லாம் நார்மல். ‘உன்னை வரவழைக்க நடிக்கிறாள்’ என்கிறார் அம்மா. ஏஜென்ட் கடன் இன்னும் பாதி நிற்கிறது. அவளை நம்புவதா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நம்புங்கள். மனச்சோர்வும் பதற்றமும் நம் பெண்களிடம் பல நேரம் தலைவலியாக, உடம்பு வலியாக, படபடப்பாகத்தான் வெளியே வரும். ஈசிஜியில் தெரியாது. அதனால் வலி பொய்யாகிவிடாது.

என் அப்பாயி நாகப்பட்டினத்துக்காரர். தாத்தா ரஜூலா கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்துவிட, ஏழு வருடம் ஊரில் தனியாக இருந்தார். அத்தனை வருடமும் தலையில் பூ வைக்கவில்லையாம். வைத்தால், ‘புருஷன் அக்கரையில், பூ யாருக்கு?’ என்பார்களாம். வயிற்றுவலிக்கு வைத்தியரிடம் போகக் கொழுந்தனுக்கு நேரம் வர வேண்டும். பினாங்குக்கு வந்து பேத்தி எடுத்த பிறகும் இதையெல்லாம் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

உங்கள் மனைவியிடம் போன் இருக்கிறது, சரி. ஆனால் உங்கள் ஒன்றரை மணி அங்கே பதினொன்று. அதுவரை விழித்திருந்து, பேசி, விடிகாலையில் எழுந்தால் தலை வலிக்காதா? பிள்ளையின் காய்ச்சல், உங்கள் அம்மாவின் மாத்திரை, வட்டிக்காரர் என்று உங்கள் பங்கு வேலையும் அவளிடம்தான். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா கணக்குக்கு என்றால், டாக்டரிடம் போகவும் அவள் கையேந்த வேண்டும். ஒரு பகுதியை அவள் பெயருக்கே அனுப்புங்கள்.

தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம். அப்புறம், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 முதல் இருக்கிறது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வரட்டும். ‘இருந்து என்ன ஆகப்போகிறது’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அம்மாவிடம் நீங்களே பேசுங்கள், அந்தச் சுமையையும் அவளிடம் தள்ள வேண்டாம்.

உங்கள் பெர்மிட்டில் குடும்பத்தை இங்கே அழைத்துவர முடியாது. அதனால் கடன் எவ்வளவு பாக்கி, எந்த மாதம் தீரும், எப்போது ஊருக்கு வருவீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ‘சீக்கிரம் வர்றேன்’ என்பதைத்தான் அப்பாயி ஏழு வருடமும் கடிதத்தில் படித்தார்.

நாளை மதிய ஓய்வில் கூப்பிடுங்கள், அங்கே பகலாக இருக்கும். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா, பினாங்கு