விலைப்பட்டியல் முழுவதும் சாய்வெழுத்தா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். புதிய விலைப்பட்டியலையும் பில் புத்தகத்தையும் அச்சுக்குக் கொடுத்தபோது, டிடிபி செய்பவர் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒடுங்கிச் சாய்ந்த எழுத்திலேயே அமைத்துவிட்டார். இடம் மிச்சமாகும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும் என்கிறார். அப்படியே அச்சிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் முழுப் பட்டியலையும் அந்த எழுத்தில் அச்சிட வேண்டாம்.

கோடுகளின் முனையில் சிறு கொடுக்குகள் இல்லாத ‘சான்ஸ் செரிஃப்’ வகையின் ஒடுங்கிய சாய்வு வடிவம் இது. வெனிஸ் நகரில் அச்சகர் ஆல்டஸ் மனுசியஸ் 1501-இல் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூல் முழுவதும் சாய்வெழுத்தில்தான் அச்சாயிற்று; நேரெழுத்தின் நடுவே ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் வேலை அதற்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது. 1957-இல் வெளிவந்த எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ருட்டிகரின் ‘யூனிவர்ஸ்’ எழுத்துருக் குடும்பத்தில் இயல்பான எழுத்துக்கு 55, ஒடுங்கியதற்கு 57, ஒடுங்கிச் சாய்ந்ததற்கு 58 என்று எண்கள் உண்டு. ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கத்தக்க உறவினர்கள் இவை.

ஆகவே சரக்கின் பெயரும் விலையும் நேரெழுத்திலேயே இருக்கட்டும். சிறிய அளவில் ஒடுங்கிச் சாய்ந்த 3, 6, 8 ஆகியவை ஒன்றுபோல் தோன்றும். மொத்த வியாபாரத்தில் அதனால் வரும் தகராறு சிறியதாக இராது. ‘வரி தனி’ போன்ற குறிப்புகளின் ஆங்கில வடிவத்துக்குச் சாய்வெழுத்து பொருந்தும். திருப்பரங்குன்றம் என்ற பெயர் ஆங்கிலத்தில் 18 எழுத்துகளாக நீள்வதால், முகவரிக் கட்டத்தில் ஒடுங்கிய எழுத்து கைகொடுக்கும். அங்கே சாய்வு தேவையில்லை. லாரி சர்வீஸ் பலகை, விளையாட்டுப் போட்டிக்கான ஃப்ளெக்ஸ் போன்ற, வேகத்தை உணர்த்த வேண்டிய இடங்களில் இரண்டும் சேர்ந்தே எடுபடும்.

அவர் பயன்படுத்தியது உண்மையிலேயே ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்துருதானா, சாதாரண எழுத்தைக் கணினியில் நெருக்கியதா என்பதையும் பாருங்கள். தமிழில் ‘ட’ என்ற எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்: நெருக்கப்பட்டிருந்தால் நிற்கும் கோடு மெலிந்து, கிடக்கும் கோடு மட்டும் பழைய பருமனிலேயே இருக்கும். கணினியில் வெறுமனே சாய்த்த ஆங்கில ‘ஓ’வும் மேல் வலப்புறத்திலும் கீழ் இடப்புறத்திலும் தடித்துத் தெரியும், தேர்ந்த வடிவமைப்பாளர் வளைவுகளை இழுத்துத் திருத்தியே சாய்வு வடிவத்தை உருவாக்குகிறார்.

தமிழைச் சாய்ப்பதை நான் அறவே தவிர்ப்பேன். ஆங்கிலத்தைப் போலத் தனிச் சாய்வு வடிவ மரபு நம் எழுத்துக்கு இல்லை. அதோடு ‘ண’, ‘ஞ’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகள் நெருக்கியதும் குறுகிவிடும். மெல்லிய பில் தாளில் மை சற்றுப் பரவினாலே அவை அடைபட்டுப்போகும். தமிழில் ஒன்றைத் தனித்துக் காட்டத் தடித்த எழுத்தைக் கேளுங்கள். மொத்தமாக அச்சடிக்கும் முன், அதே தாளில், அதே அளவில் ஒரு பக்கம் எடுத்துக் கல்லாவில் இருப்பவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.