கேளுங்கள், சொல்கிறோம்: மதராஸில் கண்டெடுத்த சில்வியா

கேள்வி: சென்னையிலிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலவுகள் உண்டாமே, உண்மையா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

உண்மைதான். அதன் பெயர் 87 சில்வியா. 1866 மே 16 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் அதைக் கண்டார். இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, அதே வளாகம். முன்னால் உள்ள 87 என்பது வரிசை எண் மட்டுமே, அளவைக் குறிப்பதல்ல.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கி.மீ. தள்ளிச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டுகள். ஆனால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 5 மணி 11 நிமிடம் போதும். உருளைக்கிழங்கு போல நீண்ட உடல். சராசரி விட்டம் சுமார் 270 கி.மீ.

நிலவுகளில் பெரியதான ரோமுலஸ் 2001இலும், ரீமஸ் 2005இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டு நிலவுகள் கொண்டதாக முதலில் தெரியவந்த சிறுகோள் இதுதான். ரோமானியப் புராணத்து ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளின் பெயர்கள் அவை. பெயரைவிட முக்கியம், அந்த நிலவுகள் தராசு போல உதவுவது. ரோமுலஸ் 1,356 கி.மீ. தொலைவில், 3.65 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. இந்த இரண்டு எண்களைக் கெப்ளர் விதியில் (சுற்றும் தொலைவையும் காலத்தையும் நிறையோடு இணைப்பது) போட்டால் சில்வியாவின் நிறை வந்துவிடும்.

கேள்வி: சில்வியாவின் அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம்) ஒரு நூலில் 1.2, இன்னொன்றில் 1.4 என்று இருக்கிறது. எது சரி? (ஆசிரியர், நாகர்கோவில்)

நிறையில் தகராறு இல்லை, பருமனில்தான் சிக்கல். விட்டம் 5 சதவீதம் பிசகினால் பருமன் ஏறக்குறைய 15 சதவீதம் பிசகும். விட்டத்தை முதலில் 286 கி.மீ. என்று எடுத்தபோது 1.2 வந்தது. பின்னர் கிடைத்த கூர்மையான படங்கள் அளவைக் குறைத்ததால் 1.4 ஆனது. புதியதையே எடுங்கள். எப்படியும் பாறையின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே வெற்றிடமோ பனிக்கட்டியோ நிறைய இருக்க வேண்டும்.

கேள்வி: 8 அங்குலத் தொலைநோக்கியில் தெரியுமா? (வாசகர், ஓசூர்)

சூரியனுக்கு நேர் எதிரே வரும் வாரங்களில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் தெரியும். அப்போது பொலிவெண் (வெளிச்சத்தைக் குறிக்கும் எண்; கூடக்கூட மங்கல்) 12ஐ ஒட்டி இருக்கும். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை 6. அதைவிட 250 மடங்கு மங்கல். (ஐந்து படிக்கு நூறு மடங்கு என்ற இந்தக் கணக்கை வகுத்தவரும் போக்சனே!)

தேடிப்போனால் வட்டாகத் தெரியாது, நட்சத்திரம் போல ஒரு புள்ளிதான். அன்றைய இருப்பிடத்தைக் கணினி வரைபடத்தில் பார்த்து, அந்தப் பகுதியைப் படம் எடுங்கள். மறுநாள் அதே பகுதியை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும் புள்ளியே சில்வியா. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்துவிட்டு 'நகரவே இல்லை' என்று பலர் கைவிடுகிறார்கள். கண்ணால் பார்த்து வரைபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நியூட்டன் வகை (ஆடி வைத்த) தொலைநோக்கியில் காட்சி தலைகீழாகத் தெரியும். வரைபடத்தையும் அப்படியே திருப்பிப் பிடியுங்கள்.

நிலவுகளுக்கு ஆசைப்பட வேண்டாம். ரோமுலஸைப் பிடிக்கவே ஹவாயின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கி தேவைப்பட்டது.